பெரட்டுக்குப் போன கம்பளி

முப்பத்தாறாம் வருஷம் இலங்கை மலைநாட்டில் ராகலைக்கு மேலே ஏழாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்தில், செடிகளைக் கவ்வாத்து வெட்டும் நல்லமுத்துவின் நெஞ்சில் தினமும் விடிகிற நேரத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். மற்றவர்களுக்கும் அமுக்குவான் வருவதுண்டு. ஆனால் அவர்களுக்கு வந்ததெல்லாம் கோரைப்பல், சடைமுடி, முழ நீள நாக்கு என்று ஒழுங்கான பேய்கள். நல்லமுத்துவுக்கு வாய்த்தவர் அப்படியில்லை. தலையிலிருந்து முழங்கால்வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கழுத்தை நெரிப்பதில்லை, ரத்தம் கேட்பதில்லை. கனம் மட்டும் ஒரு மூட்டை அரிசிக்குக் குறையாது.

ஆட்களை எழுப்ப முதல் தப்பு மேளம் அடிக்கும்போதே நல்லமுத்துவுக்குக் கண் விழித்துவிடும், காது விழித்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் தேத்தண்ணிக்குச் சீனி போட்டார்களா இல்லையா என்பதுகூடத் தெரியும். கையும் காலும் நாக்கும் மட்டும் அவன் பேச்சைக் கேட்காது. இரண்டாம் தப்பு அடித்து, ஆட்களெல்லாம் வேலைக்குத் தலை எண்ணும் பெரட்டுக் களத்தில் வரிசை கட்டிய பிறகுதான் உடம்பு அவனுக்குச் சொந்தமாகும். ஓடிப்போய் நின்றால் கங்காணி கம்பை நீட்டி, வெரட்டு என்பார். அதாவது, பிந்தி வந்தவனுக்கு இன்றைக்கு வேலை இல்லை, வந்த வழியே போகலாம்.

அந்தக் கங்காணி மாயாண்டி வேறு யாருமில்லை, நல்லமுத்துவின் தாய்மாமன். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு மகள் மீனம்மாவோடு ஒரே கூரையின் கீழ் நீளும் லயத்தின் கடைசியில், தொங்கல் காம்பராவில் இருந்தார். மீனம்மா நல்லமுத்துவுக்கு முறைப்பெண். அவனுக்கு அவளைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கும் மறுப்பில்லை என்பதை, கொழுந்துக் கூடையோடு போகிறபோதெல்லாம் அவனை அவள் திட்டிவிட்டுப் போகிற விதத்திலிருந்தே தோட்டம் தெரிந்துவைத்திருந்தது. தை பிறந்ததும் நல்லமுத்து வெற்றிலையோடு போய்க் கேட்டான். மாயாண்டி வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நன்றாக மென்று துப்பியபிறகுதான் பேசினார்.

"மாசியில காமன் கூத்துக்குக் கம்பம் நடுற வரைக்கும் ஒரு நாள்கூட பிந்தாம பெரட்டுக்கு வா. வந்தா பொண்ணு. ஒரு நாள் பிந்தினாலும் இந்தப் பேச்ச எடுக்காத."

நல்லமுத்து அதற்கு முன்னால் செய்யாத வைத்தியம் இல்லை. தலைமாட்டில் கவ்வாத்துக் கத்தி வைத்துப் பார்த்தான். இரும்புக்குப் பேய் அஞ்சுமாம். நெஞ்சில் உட்கார்ந்த பெரியவர் கத்தியை எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, தீட்டியது போதாது என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். நல்லதண்ணிக்குச் சாமி கும்பிடப் போய்வந்தவர்கள் கொடுத்த மந்திரித்த நூலைக் கையில் கட்டிக்கொண்டான். மறுநாள் நூல் பெரியவர் கையில் இருந்தது. அவருக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

இதைவிடப் பெரிய தொல்லை, எழும்பின பிறகும் அவர் போகாததுதான். மற்றவர்களுடைய கனவு முகம் கழுவியதும் போய்விடும். நல்லமுத்துவின் கனவு, அவன் முகம் கழுவி முடிகிறவரை தண்ணீர் விழும் பீலியடியில் காத்திருக்கும். கூடவே நடந்து வரும். வெயில் ஏறி மானாப்புல்லில் பனி காய்ந்தால்தான் கம்பளி காலிலிருந்து மேலாக மெல்ல வெளுத்துக் காணாமல் போகும். லயத்து நாய்க்கும் அவர் தெரிந்தார். அவரைப் பார்த்து வாலாட்டியது. நல்லமுத்துவைப் பார்த்துக் குரைத்தது.

மாமன் கெடு வைத்த மறுநாள் முதல் தப்பு அடித்தது. பெரியவர் நெஞ்சில் இருந்தார். மீனம்மா போகிறாள், இத்தோடு போகிறாள் என்று நல்லமுத்துவின் கண்ணோரம் தண்ணீர் ஓடியது. துடைக்கவும் கை வரவில்லை. அப்போதுதான் அவனுக்கு ஒன்று தோன்றியது. நான்தான் எழும்ப முடியாமல் கிடக்கிறேன், இந்த மனுஷன் எனக்கு முந்தியே எழும்பிச் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்? நாக்கு அசையாததால் மனசுக்குள்ளேயே பணிவாகக் கேட்டுக்கொண்டான்: பெரியவரே, நீங்களாவது பெரட்டுக்குப் போகலாமே.

பெரியவர், இத்தனை நாள் இதைக் கேட்க உனக்கு வாய் வரவில்லையா என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து, கதவைத் திறக்காமலே வெளியே போனார்.

ராகலைப் பக்கத்து விடியற்காலையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மூடுபனியில் ஆளுக்கு முகம் கிடையாது, கம்பளிதான் உண்டு. களத்தில் நிற்கிற கம்பளிகளைக் கங்காணி கம்பால் காட்டிக் காட்டி எண்ணுவார். அவர் இறங்கிப் போனாலும் உடம்பு வர இரண்டாம் தப்பு ஆனதால், நல்லமுத்து வழக்கம்போலப் பிந்தி ஓடிவந்து, தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த விறகு அட்டிக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தபோது, அவனுடைய இடத்தில் கம்பளி நேராக நின்றது. மாமன் அதையும் எண்ணினார். வெயில் தலைகாட்டியதும் பெரியவர் வெளுத்துக் கரைந்தார். நல்லமுத்து நழுவிப்போய் அந்த இடத்தில் நின்றுகொண்டான்.

அப்புறம் தினமும் அதே ஏற்பாடு. பெரியவர் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. மழையிலும் போனார். கங்காணிக்கும் மேலதிகாரியான கண்டாக்கையாவே அந்தக் கம்பளியைக் காட்டி, ஆள் என்றால் இப்படி நிற்கவேண்டும் என்று மற்றவர்களைக் கண்டித்ததாகக் கேள்விப்பட்டபோது, நல்லமுத்துவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மாயாண்டியின் முகம் மட்டும் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே வந்தது. மருமகன் ஒழுங்காக வரவர மாமனுக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்பது யாருக்கும் புரியவில்லை.

மாட்டிக்கொண்டது மீனம்மாவிடம்தான். ஒரு நாள் விடியலில் கூடையோடு வந்தவள், வரிசையில் நின்ற கம்பளியிடம் ஏதோ கேலி பேசியிருக்கிறாள். கம்பளி திரும்பவில்லை. கோபத்தில் விரலால் ஒரு குத்துக் குத்தினாள். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. வேறு பெண்ணாக இருந்தால் அலறியிருப்பாள். மீனம்மா விரலை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பீலியடியில் அவனை மடக்கினாள்.

"மச்சான், உங்க கம்பளிக்குள்ள ஆளே இல்லையே."

நல்லமுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் சிரிக்கவில்லை. இந்த வியாதி அவளுக்குப் பழக்கமானதுபோல, நெஞ்சிலா வயிற்றிலா என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு, தான் சின்னம்மா வேலாயியோடு நல்லதண்ணிக்குச் சாமி கும்பிடப் போவதாகவும், கம்பம் நடுகிற அன்றைக்கு மத்தியானம்தான் திரும்புவதாகவும், அன்றைக்கு விடியற்காலையில் அவன் விறகு அட்டிக்குப் பின்னால் கட்டாயம் இருக்கவேண்டும் என்றும் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, போய்ப் பாருங்க என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கெடுவின் கடைசி நாள் வந்தது. பனி பாலாய் இறங்கியிருந்தது. பெரியவர் முதல் தப்புக்கே புறப்பட்டுப் போய்விட்டார். நல்லமுத்து உடம்பு வந்ததும் ஓடி, அட்டிக்குப் பின்னால் குனிந்தான். களத்தில் அவனுடைய கம்பளி நின்றது. அதற்கு எதிரே தலைப்பாகையும் கம்புமாகக் கங்காணி நின்று, வாய் திறக்காமல் கம்பை மட்டும் நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

அட்டியின் அந்த மூலையில் யாரோ மூச்சு வாங்கினார்கள். பார்த்தால், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தலைப்பாகை இல்லாமல், மாயாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா?"

"சத்தம் போடாதடா."

"அங்க எண்ணிக்கிட்டு நிக்கிறது யாரு மாமா?"

"நான்தான்." மாயாண்டி கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ரெண்டாவது வரிசையில நிக்கிறது?"

"நான்தான் மாமா."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனுடையது கொஞ்சம் கூன் போட்டிருந்தது. அதை மருமகன் சொல்லவில்லை.

பிறகு மாயாண்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்கும் தினமும் வருகிறதாம். கங்காணிக்கு வருகிற அமுக்குவான் ஆனபடியால் தலைப்பாகையோடு வருகிறதாம். அப்போது அதை விரட்டுகிற வழி ஒன்றுதான்: கால் பெருவிரலை யாராவது பிடித்து முறுக்கவேண்டும். மனைவி இருந்தவரை அவள் முறுக்கினாள். அப்புறம் மீனம்மா முறுக்கினாள். நேற்றும் இன்றும் அவள் இல்லை, அதனால் அதையே பெரட்டுக்கு அனுப்பினாராம்.

"அவள ஒனக்குக் குடுத்துட்டா என் வெரல யாருடா முறுக்குவா? பிந்தி வர்ற கங்காணிக்கு எவன்டா பயப்படுவான்? அதான், ஒன்னால ஆகாத காரியமாப் பாத்துச் சொன்னேன். நீயும் ஆள அனுப்புவேன்னு நான் கண்டேனா?"

நல்லமுத்துவுக்கு முதல் தடவையாக மாமன்மீது இரக்கம் வந்தது. அவரை மிரட்டுவதற்கு அருமையான சமயம். ஆனால் அவன் அதைச் செய்யவில்லை. ஒங்க காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பரா காலிதானே மாமா, எங்களுக்கு அதைக் கேட்டு வாங்கிக் குடுங்க என்றான். பெண் போகிற தூரம் ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் எட்டவில்லை. எட்டாத இடத்துவழியாக, பெருவிரலில் கட்டிய ஒரு கயிறு தாராளமாகப் போகும்.

மாயாண்டி கயிற்றை மனசுக்குள் சுவருக்கு மேலாகப் போட்டுப் பார்த்தார். முகத்தில் சோறு தண்ணீர் இறங்கிய தெளிவு வந்தது.

அதற்குள் தேயிலை மலைக்கு மேலே வெளிச்சம் வந்துவிட்டது. களத்தில் கங்காணி முழங்கால்வரை வெளுத்திருந்தார். கண்டாக்கையா அவரை நோக்கித்தான் நடந்து வந்துகொண்டிருந்தார். மாமனும் மருமகனும் ஒரே பாய்ச்சலில் ஓடி அவரவர் இடத்தில் புகுந்துகொண்டார்கள். தலைப்பாகை எங்கே கங்காணி என்று கண்டாக்கையா கேட்டார். பனியில நனைஞ்சிருச்சுங்க ஐயா என்றார் மாயாண்டி. பிறகு நல்லமுத்துவைக் கம்பால் காட்டி, இவன் ஒரு நாளும் பிந்தவே இல்லை, நானே சாட்சி என்று கேட்காமலே சேர்த்துக்கொண்டார்.

காமன் பண்டிகை முடிந்து பங்குனியில் கல்யாணம் நடந்தது. மீனம்மா ஹட்டனிலிருந்து நல்ல தும்புக்கயிறாக வாங்கிவரச் சொன்னாள். ஒரு நுனி அப்பாவின் பெருவிரலில், சுவரைத் தாண்டி மறு நுனி புருஷனின் பெருவிரலில், நடுக்கயிறு அவள் கையில்.

கல்யாணத்துக்கு மறுநாள் முதல் தப்புக்கு அவள் ஓர் இழு இழுத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கால் எழும்பியது. அந்தப் பக்கம் ஒரு கால் எழும்பியது.

"போதும்மா, முழிச்சிட்டேன்," என்றது சுவருக்கு மேலாக வந்த குரல். "அவன் முழிச்சிட்டானா?"

நல்லமுத்து விழித்துத்தான் இருந்தான். ஆனாலும் அவள் இன்னொரு தடவை இழுக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

"இன்னும் இல்லப்பா," என்று மீனம்மா கயிற்றை மறுபடி கையில் சுற்றினாள்.