பாதி திரும்பிய சாவி

சிமெண்ட்காரர் வீட்டு வாசல் பூட்டில் சாவி பாதியில் சிக்கினால், கதவு ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டிய ஊரிலிருந்த மகள் வீட்டுச் சமையலறைக்குள் திறந்தது. முழுதாகத் திரும்பினால் வழக்கம்போல அவர்கள் வீடு.

பூட்டு கெட்டது அவரால்தான். கிடங்கில் பொழுதெல்லாம் சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டு வருவார். சாவி சட்டைப் பையில் தூளோடு புரண்டு கிடக்கும். தெருக்குழாயில் கைகால் கழுவி, ஈரக் கையாலேயே சாவியைச் செருகுவார். பல வருஷத்துத் தூளும் ஈரமும் பூட்டுக்குள் சேர்ந்து இறுகிவிட்டன. சிக்கியபோதெல்லாம் எண்ணெய் விட்டார். அது இன்னும் தூளைப் பிடித்தது. அப்புறம் தோளால் இடித்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் தோள்தான்.

மகளிடமும் அப்படித்தான். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவளிடம், இந்த வாசலை மிதிக்காதே என்றார். சொன்னதை இறக்கிவைக்கத் தெரியாமல் அவள் பிள்ளை பிறந்து நடக்கும்வரை சுமந்தார். மனைவி வாதாடவில்லை. கடைக்குப் போய் வருவதாகக் கிளம்புவாள். பை காலியாகவும் முகம் நிறைந்தும் திரும்புவாள்.

ஒரு சாயங்காலம் அவர் இடித்த இடியில் கதவு திறந்தபோது, அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற மகளின் முதுகு தெரிந்தது. மெலிந்திருந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த குழந்தை இவரைப் பார்த்துக் கரண்டியை நீட்டியது. "அம்மா, கதவச் சாத்தும்மா, அடுப்பு அணையுது" என்றாள் மகள், திரும்பாமலே. சாத்திவிட்டுத் தெருவில் நின்றார்.

மறுநாள் பூட்டுக்காரரைக் கூட்டிவந்தார். அவர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "பூட்டாய்யா இது? தூணு போட்டு வச்சிருக்கீங்க!" என்றார். "புதுசு மாட்டுனா வழுக்கிக்கிட்டுத் திறக்கும். எங்க திறக்கணும்னு மட்டும் முடிவு பண்ணிக்குங்க."

"மாத்துங்க, மாத்துங்க" என்றாள் மனைவி, உள்ளே பாத்திரம் துலக்கியபடி. "மாத்துறதுக்கு முன்னாடி நான் அந்தப் பக்கம் போயிடறேன். இங்க இவரு பூட்டோட குடித்தனம் பண்ணட்டும்."

சிமெண்ட்காரர் கழற்றிய திருகாணிகளைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பெரிய மூட்டை தோளில் ஏறும்போது வருகிற மூச்சு ஒன்று வந்தது. "அவ இந்த வாசல மிதிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றார் கடைசியில். "நான் அவ வாசல மிதிக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

பூட்டுக்காரர் திருகாணிகளை வாங்கிப் பழைய பூட்டையே முடுக்கினார்.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து நேரே வந்து சாவியைப் பாதி திருப்பி, தோளைக் கொடுத்தார். மகள் இப்போதும் திரும்பவில்லை. "இந்த இடி இடிக்க இன்னொரு ஆள் பொறந்துதான் வரணும்" என்றாள். "கால நல்லா தட்டிட்டு வாங்கப்பா. வீடெல்லாம் சிமெண்ட்."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. சாயங்காலம் ஆளைக் காணோமென்றால் மகள் வீட்டில் இருப்பார் என்று பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லி அனுப்பிவிடுவார்கள். சில நாள் பூட்டு கொஞ்சம் இளகினாற்போல் தோன்றும். அப்போது சிமெண்ட்காரர் சட்டைப் பையைத் துழாவி, சாவியில் ஒரு சிட்டிகைத் தூளைத் தடவிக்கொள்கிறார்.