அண்ணன் விழுந்த கதை

கோடைக்கானல் ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். எட்டாவது படித்திருக்க வேண்டும். கண்ணால் கண்ட விபத்து ஒன்றை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் காட்டவும் வேண்டும். கவுஞ்சி கிராமத்து வேலுத்தாய் தன் அண்ணன் மரத்திலிருந்து விழுந்ததை எழுதினாள். மேட்ரன் அம்மா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“விழுந்தான்னு ஆரம்பிக்கிறே. அடுத்த வரியில ரத்தம் போகுதுங்கிறே. தூக்கிட்டுப் போனோம்ங்கிறே, உடனே முனகுறான்ங்கிறே. இப்படி ரிப்போர்ட் எழுதினா டாக்டர் யாரைப் பார்க்க ஓடுவார்? ரத்தம் நின்னவனையா, நிக்காதவனையா? அடுத்த வருஷம் ஒரு தடவை வா. அதுக்கப்புறம் வயசு தாண்டிரும்.”

கவுஞ்சியில் நடந்ததை யாரும் நடந்ததாகச் சொல்வதில்லை. ‘நேத்து ஓடைக்குப் போறேன், பாத்தா காட்டுமாடு நிக்குது’ என்பார்கள். அப்படிச் சொன்னால்தான் பக்கத்தில் களை எடுப்பவள் கையை நிறுத்திக் கேட்பாள். வேலுத்தாயின் ஆங்கிலமும் அதே வழியில் போயிருந்தது.

பூண்டுக்காட்டில் அவளோடு களை எடுத்த காளியாயி சேதி தெரிந்ததும் கத்தினாள்.

“எனக்கு இங்கிலீசு தெரியாதுடி. நேத்து எது இன்னைக்கு எதுன்னு தெரியும்ல? நீ தமிழ்ல சொல்லு. நேத்துக்குள்ள இன்னைக்கி வந்துச்சு, மண்ணாங்கட்டி பறக்கும்.”

பறந்தது. பன்றி வந்த கதைக்கு முதுகில் விழுந்தது. சந்தையில் சண்டை நடந்த கதைக்குக் கொண்டையில் விழுந்தது. “ஏண்டி, அவ வாயைத் திறக்குமுன்னயே எறியுறியே!” என்று பக்கத்தில் களை எடுத்த பாப்பம்மாள் சிரித்தாள். ராத்திரி வீட்டில் அதே கதைகளை வேலுத்தாய் ஆங்கிலத்தில் எழுதினாள். மெல்ல மெல்ல அடி குறைந்தது.

ஒருநாள் காளியாயி, “இப்ப ஒங்கண்ணன் கதையைச் சொல்லு” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

“விறகு வெட்ட ஏறுச்சு. கிளை முறிஞ்சு விழுந்துச்சு. கம்பளியில தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். வழியில பூம்பாறை தாண்டலை, தண்ணி கேக்குது, நான் குடுக்குறேன், கடைவாயில வழியுது...”

கட்டி தோளில் பட்டு உடைந்தது.

“அழுகிற பிள்ளை மேலயாடி எறியுறே? நீயெல்லாம் பொம்பளையா?” என்று பாப்பம்மாள் எழுந்துவிட்டாள்.

“அவளுக்குச் சீட்டு வேணுமா, ஒப்பாரி வேணுமா? ஒப்பாரியிலதான் செத்தவனும் வருவான், போவான், பேசுவான். திரும்பச் சொல்லுடி.”

வேலுத்தாய் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுத் திரும்பச் சொன்னாள். கேட்டுச்சு. குடுத்தேன். வழிஞ்சுச்சு. செத்துப்போச்சு. அந்தக் கடைசிச் சொல்லை அதுவரை அவள் வாயால் சொன்னதே இல்லை.

அடுத்த வருஷம் பூண்டு ஏற்றிய லாரியில் மூவரும் கோடைக்கானலுக்கு வந்தார்கள். மற்ற இருவரும் சந்தைக்குப் போனார்கள். வேலுத்தாய் ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் அண்ணனையே எழுதினாள். பூம்பாறைக்கு வந்தபோது அவன் தண்ணீர் கேட்பது காதில் விழுந்தது. அதை நடந்ததாகவே எழுதினாள். கேட்டான். கொடுத்தேன். இறந்தான். ஒரு வரி பின்னால் போகவில்லை, ஒரு வரி முன்னால் ஓடவில்லை.

மேட்ரன் அம்மா இரண்டு தடவை படித்தார்.

“இது நடந்து எவ்வளவு நாளாச்சு?”

“நாலு வருஷங்க.”

“காயத்தை யாரும் கட்டலையா?”

“கட்டத் தெரிஞ்சவங்க இல்லைங்க. அதான் வந்தேன்.”

அவர் தாளை மடித்துத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். “திங்கக்கிழமை காலையில பெட்டியோட வந்துரு. தங்குற எடம் இருக்கு. துணி நாங்க குடுப்போம்.”

வேலுத்தாய் சந்தை மேட்டில் ஓடினாள். தராசுக்காரன், காய் விற்பவர்கள், கோவேறு கழுதைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, தூரத்திலிருந்தே கத்தினாள்:

“அக்கா! கெடைச்சிருச்சு! எடுத்துட்டாங்க!”

காளியாயி மூட்டையைப் போட்டுவிட்டு அவளை இடுப்போடு தூக்கிச் சுற்றினாள்.

“எறக்குக்கா, நர்சம்மாவை இப்படியா தூக்குவாங்க?” என்றாள் வேலுத்தாய்.