நாற்பத்தொன்றாம் தட்டு

திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒரு முறை முனகியது. அவன் கண்காணித்து வரும் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளில் ஏதோ ஒன்று இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். வாரத்துக்கு நான்கைந்து அப்படி வரும். வாயைக் கொப்பளித்துவிட்டுப் படத்தைத் திறந்தான். பெரிதாக்கினான். அப்படியே நின்றான்.

"குழாய் ஓடுது மாப்பிள்ளை!" என்று கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

மூடினான்.

படத்தில் நீல லேபிள் ஒட்டிய ஒரு தட்டு. யாரோ ஒரு ட்ரம்பெட்காரர் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு அறுபது வருடத்துக்கு முன்னால் போட்ட ஒரே தட்டு. அதன் பிறகு அவரும் போடவில்லை, அந்த நான்கு பேரும் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. லேபிளின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது: 'சண்டை முடிஞ்சதும்.'

அவன் மனைவியின் கையெழுத்து. அவள் இறந்து பதினோரு மாதம் ஆகிறது.

இசைத்தட்டு சேகரிப்பவர்கள் தட்டைக் கைக்குழந்தையைப் போலப் பிடிப்பார்கள். லேபிளில் பேனா பட்டால் விலை பாதியாகிவிடும். அவளும் சேகரிப்பவள்தான், ஆனால் எல்லா லேபிளிலும் எழுதுவாள். ஒவ்வொரு தட்டையும் எப்போது போட்டுக் கேட்கவேண்டும் என்பதை. 'துணி மடிக்க.' 'மழை.' 'விருந்தாளி போன பிறகு.' ஏன் இப்படி விலையைக் கெடுக்கிறாய் என்று அவன் கேட்டால், "விக்கிறவங்களுக்குத்தான் விலை. நமக்கு எதுக்கு?" என்பாள். ஆனால் விலை பார்க்காமல் இருக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏலத் தளத்தில் எந்தத் தட்டு எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று பார்த்துக் கணினியில் ஓர் அட்டவணையில் ஏற்றுவாள். அறுபத்துமூன்று தட்டுகள், அறுபத்துமூன்று வரிசைகள். ஏற்றி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இன்னிக்கு நாம எவ்வளவு பெரிய பணக்காரங்க தெரியுமா?" என்பாள்.

அவள் போன பிறகு அட்டவணையை அவன் தொடர்ந்தான். ஒரு ஞாயிறுகூட விடவில்லை. அறுபத்துமூன்று தட்டுகளுக்கும் இன்றைய விலை அவனுக்கு மனப்பாடம். ஒன்றைக்கூட எடுத்துப் போட்டுக் கேட்கவில்லை. அலமாரிக் கதவையே திறக்கவில்லை.

அன்று திறந்தான். அவள் ஒட்டிய எண்களை விரலால் தடவிக்கொண்டே போனான். நாற்பது. நாற்பத்திரண்டு.

நாற்பத்தொன்று இல்லை.

அவன் காப்பீட்டு நிறுவனத்தில் மதிப்பீட்டாளர். நசுங்கிய காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, எது எதில் எப்படி மோதியிருக்கும் என்று சொல்லிவிடுவான். இதையும் அப்படித்தான் பார்த்தான். விற்கிறவர் இதே ஊர்க்காரர், ஒரு பழைய சாமான் கடைக்காரர். பூட்டிய வீட்டிலிருந்து தட்டு தானாக நடந்து போகாது. அப்படியானால் அவளே விற்றிருக்கிறாள். அவனிடம் சொல்லாமல்.

கடைக்காரருக்குச் செய்தி அனுப்பினான்: 'இந்தத் தட்டு எங்கிருந்து வந்தது?'

உடனே பதில் வந்தது: 'நல்ல குடும்பத்து வீட்டிலிருந்து வந்த சரக்கு சார். கவலையே படாதீங்க.'

தொடக்க விலை பதினைந்து டாலர். யாரும் கேட்டிருக்கவில்லை. பதினைந்து என்று அடித்துவிட்டு அலுவலகம் போனான்.

அன்று பார்த்த கார்கள் எதுவும் மனத்தில் நிற்கவில்லை. வேறு எந்தத் தட்டை விற்றிருந்தாலும் சரி என்று விட்டிருப்பான். இதை எப்படி? கல்யாணமான மூன்றாம் மாதம், ஃபிரிட்ஜுக்கு என்று எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்து இதை வாங்கி வந்தாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவன் வேலை முடிந்து வந்தபோது தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டு நின்றான். "இதுதான் அந்த ஃபிரிட்ஜா?" என்றான். "ஆமா. ஐஸ் மட்டும் வராது. மத்தபடி நல்லா ஓடுது" என்றாள். சிரித்துத் தொலைத்துவிட்டான். மறுநாள்தான் லேபிளில் எழுதினாள். அதன் பிறகு யார் பக்கம் தப்பு என்கிற விசாரணையே கிடையாது. முதலில் மனசு இறங்குகிறவர் நாற்பத்தொன்றைப் போடவேண்டியது.

சாயங்காலம் பார்த்தபோது விலை பதினெட்டு. வேறொருவர் கேட்டிருந்தார். ஏலத் தளம் போட்டியாளரின் முழுப் பெயரைக் காட்டாது; முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான், அதையும் தமிழாக்கி. தை, பிறகு மூன்று கோடு, பிறகு ல். தைவான்காரனாக இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினான். அங்கே இந்த மாதிரித் தட்டுக்குக் கிறுக்கர்கள் அதிகம் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

இருபத்திரண்டு அடித்தான். தைவான் இருபத்தைந்து அடித்தான்.

புதன்கிழமை விலை அறுபதைத் தாண்டியது. கீறல் இல்லாத, கிறுக்கல் இல்லாத தட்டே தொண்ணூறுக்குத்தான் போகும். இதுவோ லேபிள் கெட்டது. முதல் பாட்டில் மூன்று முறை 'டிக்' என்று தட்டும். கடைக்காரர் அதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

அன்று சாப்பிடும்போது அத்தை முகம் உர்ரென்று இருந்தது. மகள் இறந்ததும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தையல் மிஷினோடு வந்தவர். அக்கம்பக்கத்து வீடுகளின் பேன்ட்டுக்கெல்லாம் கால் மடித்துத் தைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அவன் போகச் சொல்லவில்லை. அவரும் போகிறேன் என்று சொல்லவில்லை.

"சில பேருக்கு எதையும் விட்டுக் குடுக்கவே தெரியாது மாப்பிள்ளை" என்றார் திடீரென்று.

"ஆமா அத்தை" என்றான், தைவான்காரனை நினைத்துக்கொண்டு.

"காண்டாமிருகம் மாதிரி முட்டிக்கிட்டே இருக்கும்."

"தோல் தடிச்ச ஜென்மங்க."

"நல்லா சொன்னீங்க" என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். இருவரும் அவரவர் எதிரியைத் திட்டிக்கொண்டே திருப்தியாகச் சாப்பிட்டார்கள்.

ஏலம் ஞாயிறு மாலை நான்கு பத்துக்கு முடிகிறது. மூன்றரைக்கே மடிக்கணினியோடு அறையில் உட்கார்ந்தான். கூடத்தில் அத்தையின் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் விலகிவிட்டார்கள். மிச்சம் அவனும் தைவானும்.

நான்கு ஐந்து. நூற்று நாற்பது அடித்தான்.

கூடத்தில் மிஷின் நின்றது. "அடப் பாவி!"

நூல் அறுந்திருக்கும். திரையில் நூற்றைம்பது ஆனது. மிஷின் மறுபடி ஓடியது.

இருநூறு அடித்தான். மிஷின் நின்றது. "வெளங்குவியாடா நீ?"

இருநூற்றுப் பத்து. மிஷின் ஓடியது.

அவன் கை விசைப்பலகை மேலேயே நின்றது. கதவைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மெதுவாக, முந்நூறு அடித்தான்.

மிஷின் நின்றது. "இவனுக்கு வீடு, வாசல், பொண்டாட்டி, புள்ள ஒண்ணுமே கெடையாதா? இதே வேலையா உக்காந்திருக்கானே!"

தை, மூன்று கோடு, ல். தையல்.

எழுந்து கூடத்துக்குப் போனான். அத்தை கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கைப்பேசியைக் கை எட்டும் தூரத்தில் பிடித்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் அதை ஒரு பேன்ட்டுக்கு அடியில் செருகினார்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நூல் அறுந்து அறுந்து போகுது."

"எவ்வளவு வரைக்கும் போறதா இருக்கீங்க அத்தை?"

"எதுல?"

"நான் நானூறு வரைக்கும் போகலாம்னு இருந்தேன்."

அத்தை அவனையே பார்த்தார். பேன்ட்டுக்கு அடியிலிருந்து கைப்பேசி வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"நீங்களா?" என்றார். "அந்தக் காண்டாமிருகம் நீங்களா?"

"ஆமா. நீங்கதான் தைவான்."

"தை... என்னது?"

கைப்பேசி கூவியது. கடைசி முப்பது விநாடி. அத்தை அதை வெளியே எடுத்தார். ஒரு வாரமாகப் பழகிய விரல் அவரைக் கேட்காமலே போய் அமுக்கியது. முன்பே அடித்து வைத்திருந்த தொகை, நானூற்றுப் பன்னிரண்டு.

"ஐயையோ" என்றார். "கை தன்னால போயிடுச்சே!"

திரையில் பலூன்கள் பறந்தன. அத்தை ஜெயித்துவிட்டார்.

அத்தை பேன்ட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தப்பு என் மேலதான். சோபாவுல கெடந்த பழைய பத்திரிகையை எல்லாம் கட்டி எடைக்குப் போட்டேன். அதுக்குள்ள இது இருந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி பாப்பா எடுத்துக் கேட்டிருப்பா. திருப்பி வைக்க முடிஞ்சிருக்காது. போன ஞாயித்துக்கெழமை அலமாரியைத் தொடச்சப்பதான் பாத்தேன், நாப்பத்தொண்ணைக் காணோம். திங்கக்கெழமை காலையிலேயே பேப்பர்க்காரனைப் புடிச்சேன். அவன் சாமான் கடைக்காரனைக் கைகாட்டினான். பத்து மணிக்கு அங்க நிக்கறேன், மாப்பிள்ளை! குடுத்துடுப்பான்னா, 'காலையில யாரோ ஒரு புண்ணியவான் ஏலம் கேட்டுட்டாரும்மா, ஒரு தடவை கேட்டுட்டா சரக்கைத் திரும்ப எடுக்க முடியாது, வேணும்னா நீங்களும் கேளுங்க'ன்னு போன்ல இதைப் போட்டுக் குடுத்தான்."

"அந்தப் புண்ணியவான் ஏழரைக்குக் கேட்டான்" என்றான் அவன்.

"கொஞ்சம் பொறுத்து எழுந்திருச்சிருந்தா என்னவாம்?"

அவனுக்கு வேறு ஒன்று கேட்கவேண்டியிருந்தது.

"அப்ப, அவ விக்கலையா?"

"யாரு, பாப்பாவா? இதையா?" அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது. "அவ என்னை வித்தாலும் விப்பாளே தவிர இதை விப்பாளா? ஏன், அப்படியா நெனச்சீங்க?"

அவன் பக்கத்திலிருந்த நாற்காலியில், துணிக் குவியலின் மேல் உட்கார்ந்தான்.

"ஊசி இருக்கும், பாத்து" என்றார் அத்தை.

மறுநாள் மாலை இருவரும் சேர்ந்து கடைக்கு நடந்தார்கள். நான்கு தெரு தள்ளித்தான். பழைய மின்விசிறிகளுக்கும் டைப்ரைட்டர்களுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரர் அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அம்மா, ஜெயிச்சுட்டீங்க! யாரும்மா அவன், இந்த அடி அடிச்சான்?"

"இவருதான். எங்க மாப்பிள்ளை."

கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே வீடா?"

"ஒரே வீடு. அவரு அறையில, நான் கூடத்துல."

"வெளிநாட்டுல இருந்து ஒரு கோடீஸ்வரன் அம்மாகூட மோதறான்னு என் பொண்டாட்டிகிட்ட நேத்து பூரா பெருமை அடிச்சேனே சார்! என் கண்ணு தங்கம் புடிக்கும் கண்ணுன்னேன்."

"அவங்ககிட்ட நிஜத்தைச் சொல்லாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றான் அவன்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். தொடக்க விலை பதினைந்தை மட்டும் வாங்கிக்கொண்டார். எவ்வளவு வற்புறுத்தியும் மேலே வாங்கவில்லை. "சொன்னேனே சார், நல்ல குடும்பத்துச் சரக்குன்னு" என்று ஒரு செய்தித்தாளில் சுற்றி, அவனிடம் நீட்டாமல் அத்தையிடம் கொடுத்தார். ஜெயித்தவர் அவர்தானே.

வீட்டுக்கு வந்ததும் அவன் அட்டவணையைத் திறந்தான். தளத்தில் அந்தத் தட்டின் விலைச் சரித்திரத்திலேயே உச்சம் என்று 412 ஏறியிருந்தது. உலகம் முழுக்க இதைக் கண்காணிக்கிறவர்கள் குழம்பிப்போயிருப்பார்கள். நாற்பத்தொன்றாம் வரிசையில் அந்த எண்ணை இட்டு, குறிப்பு என்ற கட்டத்தில், 'நம்பக்கூடாது. நானும் அத்தையும்' என்று எழுதினான்.

கணினியை மூடினான். பிளேயரின் மூடியில் இருந்த தூசி விரலில் ஒட்டியது. துடைத்தான். தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பைப் பிடித்து வைத்தான். முள் இறங்கியது.

அத்தை பேன்ட்டுக்குத் தையல் பிரித்துக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, "எப்ப பாடுவாங்க?" என்றார்.

"பாட மாட்டாங்க அத்தை. வாசிக்க மட்டும்தான்."

"இவ்வளவு நேரமும் வெறும் ஊதலா? இதுக்கா நானூறு? நாலு சாப்பாட்டுத் தட்டு வாங்கியிருந்தாலும்..."

டிக். டிக். டிக்.

அத்தையின் கத்தரிக்கோல் நின்றது.

"இதுதான்" என்றார்.

"எது?"

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னா எனக்கு போன் போட்டு ஒரு பாட்டம் அழுவா. என்ன ஏதுன்னு சொல்ல மாட்டா. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கூப்பிடுவா. அப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டா, காய் விலை பேசுவா, பக்கத்து வீட்டு நாயைப் பத்திப் பேசுவா. பின்னாடி இந்த டிக், டிக், டிக் கேக்கும். சரி, சமாதானம் ஆயிடுச்சுன்னு நிம்மதியா போனை வச்சிடுவேன்."

அவனுக்கு இது தெரியாது. அவள் அழுது போன் செய்ததும் தெரியாது.

"எத்தனை தடவை அத்தை?"

"யாரு எண்ணினா? நீங்களும் ஒண்ணும் லேசுப்பட்ட ஆளு இல்ல."

அவன் தலை குனிந்தபடி சிரித்தான். ட்ரம்பெட்காரர் ஊதி முடித்தார். முள் கடைசி வட்டத்தில் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தூக்காமல் நின்றான்.

"இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கா?" என்றார் அத்தை.

"இருக்கு."

"அப்புறம் என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? திருப்பிப் போடுங்க."