கோட்டுக்கு மேலே

அப்பாவின் சாவுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தம்பி கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்தான். அக்கா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். அது அப்பாவின் டம்ளர். பாதிக்கும் கீழே அவளுடைய நகப்பூச்சால் இழுத்த சிவப்புக் கோடு. டயாலிசிஸில் இருந்தவருக்கு ஒரு வேளைக்கு அதுவரைதான்.

அப்பா குழாய் வேலைக்காரர். ஊரில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் வரவைத்த மனுஷன். "குழாய்க்காரனுக்கே தண்ணி கட்டா?" என்று சிரிப்பார், கண் மட்டும் டம்ளரிலேயே இருக்கும். சிறுநீரகம் போனது போதாதென்று பெருங்குடலில் புற்றுநோய் வந்து கல்லீரல்வரை பரவிவிட்டது. மருந்து ஏற்றினால் தாங்குவாரா என்று புற்றுநோய் டாக்டரைக் கேட்டால், கிட்னி டாக்டரைக் கேள் என்றார். அவரைக் கேட்டால் இவரைக் கேள் என்றார். நன்றாகப் பந்தாடினார்கள். இரண்டு வாசலிலும் கால்கடுக்க நின்றவள் அக்காதான். ஆனால் ஒருவழியாக ஏற்றத் தொடங்கிய மருந்தைப் போன வாரம் நிறுத்தியபோது புற்றுநோய் டாக்டர் உள்ளே கூப்பிட்டது தம்பியை. ஆம்பளையாம். உடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் ஏற்றலாம் என்று சொன்னதாக வெளியே வந்து சொன்னான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் துக்கம் கேட்க வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியிலயாவது ஆசை தீரத் தண்ணி குடிச்சாராம்மா? இனிமே அளவு பாக்க வேணாம், கேட்டதக் குடுங்கன்னு டாக்டர் உங்க தம்பிகிட்ட சொன்னாரே" என்றார்.

அவள் தம்பியைச் சட்டையோடு பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"நீ தாராளமாக் குடுத்தா அப்பாவுக்கு விஷயம் புரிஞ்சிடும்க்கா. அதான் சொல்லல."

"நேத்து என் கையப் புடிச்சுக் கெஞ்சினார்டா, இன்னும் ஒரு வாய்னு. அதட்டிப் படுக்க வெச்சேன்."

தம்பி உடைந்து அழுதான். அப்பாவுக்காக அழுகிறானா, மாட்டிக்கொண்டதற்காகவா என்று யோசிக்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. அழுத அழுகையில் அவனுக்குப் புரையேறியது. இருமிக்கொண்டே தண்ணீருக்குக் கையை நீட்டினான்.

அப்பா மாட்டிய குழாயைத் திறந்தாள். கோடுவரை பிடித்து, குழாயை இறுக்கி மூடிவிட்டுக் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடியும் டம்ளரை நீட்டினான்.

அவள் அதை வாங்கி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். அவனுடைய இருமல் இன்னும் நிற்கவில்லை.