இல்லாத செல்

மூன்று வாரமாக அந்த ஆய்வகமே ஒரு செல்லைத் தேடிக்கொண்டிருந்தது. அது கிடைக்காது என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவளும் வாயைத் திறக்கவில்லை.

இரைப்பைப் புற்றுநோய்க் கட்டியை அறுவை அறையிலிருந்து வாங்கி வருவது அவள் வேலை. பாதியை உறைய வைத்து மெல்லிசாகச் சீவ வேண்டும். மீதியைத் தனித்தனிச் செல்லாகப் பிரிக்க வேண்டும். பிரித்ததில் ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு வேலை செய்கிறது என்று தெரியும். சீவியதில் அது கட்டியின் எந்த இடத்தில் நடக்கிறது என்று தெரியும். இரண்டையும் கணினியில் பொருத்திப் பார்ப்பவனுக்கு ஆய்வகத்தில் 'கணக்கு' என்று பெயர்.

இந்த ஆய்வின் பன்னிரண்டாம் நோயாளியின் செல்களில் யாரும் இதுவரை பார்க்காத ஒரு கூட்டம் தனியாக நின்றது. கணக்குக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ஆனால் சீவிய துண்டில் அந்தக் கூட்டத்தைக் காணவே காணோம். வேறு யாராவதாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். மூன்று மாதத்தில் வேலை ஒப்பந்தம் முடியப் போகிறவனுக்குச் சந்தேகப்பட ஏது வசதி?

"அக்கா, மிச்சத் துண்டையும் சீவிடுங்க. எங்கயாவது ஓரத்துல ஒளிஞ்சிருக்கும்," என்றான்.

மிச்சம் இருந்தது ஒரு கடலை அளவுதான். சீவும் குளிர்ப்பெட்டிக்குள் கத்திக்கு நேராக அதை வைத்தாள். கைப்பிடியைச் சுற்றக் கை வரவில்லை.

பன்னிரண்டாம் கட்டி வந்த அன்று, உறைய வைக்கும் பாதியை முடித்த கையோடு, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. மற்றப் பாதியைப் பனிக்கட்டியில் வைக்காமல் மேசைமேல் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அறைச் சூட்டில் கிடந்த செல்கள் செத்துப்போகவில்லை, மிரண்டுபோயின. மிரண்ட செல்லில் வேறு மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், ஆளே மாறிப்போகும். இது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் பதிவேட்டில் 'வெளியே இருந்தது பத்து நிமிடம்' என்று எழுதினாள். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல அன்று அவளிடம் தெம்பில்லை, அவ்வளவுதான்.

"தம்பி, அந்த செல் கிடைக்காது," என்றாள். நடந்ததை முழுசாகச் சொன்னாள்.

அவன் திரையில் அந்தக் கூட்டத்தின் மரபணுப் பட்டியலைத் திறந்தான். "மிரள்ற மரபணுதான் மேல நின்னுச்சு. நானும் பார்த்தேன். கட்டியோட குணம்னு நெனச்சுட்டேன்." பிறகு குரல் உயர்ந்தது. "மூணு வாரம்க்கா! பைத்தியக்காரன் மாதிரி தேடியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"தப்புதான்."

"சரி விடுங்க. அந்த நோயாளிகிட்டயே இன்னொரு துண்டு கேட்டு வாங்கிட்டா..."

"எங்கேருந்து வாங்குவே? வயித்தையே மொத்தமா எடுத்தாச்சு. போன மாசம் ஆளும் போயாச்சு."

கணக்கு குளிர்ப்பெட்டியை எட்டிப் பார்த்தான். "அப்போ அவரோடதுன்னு இருக்கிறது இது மட்டும்தானா?"

"இது மட்டும்தான்."

"சீவ வேணாம். எடுத்து ஃப்ரீசருக்குள்ள வைங்க."

வைத்தாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நாளைக்குப் பதிமூணாவது கட்டி வருது. நானே போய் வாங்கிக்கறேன். நீங்க வர வேணாம்க்கா."

பதினெட்டு வருடமாக அந்த அறுவை அறை வாசலில் கட்டி வாங்க அவளைத் தவிர வேறு யாரும் நின்றதில்லை. "சரி," என்றாள்.