நூல் பிடித்த கோடு

பென்ஷன் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம்: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆவடியில் அதைவிடப் புனிதமான புத்தகம் கிடையாது. அதன்மேல் பொய்ச்சத்தியம் செய்த ஒருவருக்கு, மறுமாதமே உயிரோடிருக்கும்போதே குடும்பப் பென்ஷன் பேப்பர் வந்துவிட்டது.

ஏகாம்பரத்துக்கு எழுபத்தெட்டு வயது. டாங்கி செய்கிற ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருஷமாகக் காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கிறார். மூன்று சுற்று என்பது டாக்டர் சொன்ன கணக்கு. முதல் சுற்று முடிவதற்குள் உடன் நடக்கும் ஃபாக்டரி நண்பர் கஜபதியோடு உலகப்போர் மூண்டுவிடும்.

எல்லாம் 1939 ஆகஸ்டில் மாஸ்கோவும் பெர்லினும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தைப் பற்றித்தான்.

“இருபத்திரண்டு மாசம் டைம் வாங்கினாங்கோ நைனா. அந்த டைம்லதான் டாங்கி செஞ்சாங்கோ. இல்லாங்காட்டி மாஸ்கோ அன்னிக்கே காலி” என்பார் ஏகாம்பரம்.

“டைம் வாங்கினானா? போலந்துல பாதிய வாங்கினான். அத்த சொல்லு மொதல்ல” என்பார் கஜபதி.

“அதுக்கு முந்துன வருஷம் லண்டன்காரனும் பாரிஸ்காரனும் செக்கோஸ்லோவாகியாவ பெர்லின்காரனுக்கு வெட்டிக் குட்தானுங்களே, அது இன்னா?”

“அவன் குட்தான்னு நீயும் எடுத்துக்குவியா? நல்லா கீதுபா உன் நியாயம்.”

இந்த இடத்தில் லட்சுமணன் இரண்டு ஃப்ளாஸ்க்கோடு வந்து பெஞ்சில் உட்காருவார். அவரும் ஃபிட்டர்தான், திருநெல்வேலிக்காரர். பெரிய ஃப்ளாஸ்க்கில் ஊர் பாராட்டும் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி. சின்ன ஃப்ளாஸ்க்கில் இனிப்பே இல்லாத கஷாயம்; அது ஏகாம்பரத்துக்கும் கஜபதிக்கும் மட்டும். கஜபதிக்குச் சர்க்கரை வியாதி. ஏகாம்பரத்துக்கு இல்லை. “உமக்கும் வரும்வே, இப்பவே பழகும்” என்று முதல் நாளே லட்சுமணன் சொல்லிவிட்டார். ஏகாம்பரத்தின் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மகன் முகப்பேர் ஃப்ளாட்டில். அந்தக் கசப்பு டம்ளர்தான் அவருக்கு ஒரு நாளில் முதன்முதலாக ஒரு கை நீட்டிக் கொடுப்பது. அவர் அதைச் சூடாறும் வரை இரண்டு கையாலும் பிடித்திருப்பார்.

லட்சுமணன் போலந்தைப் பற்றி மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

வாக்கிங் சங்கத்துச் செயலாளர் ஷர்மிளா. ஏரிக்குப் பக்கத்து ஃப்ளாட்டில் இருந்துகொண்டு ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவள். ஒருநாள் அவள் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள்.

“அங்கிள், தினம் இதையே கேட்டுக் கேட்டு என் கனவுல போலந்து வருது. ஞாயித்துக்கிழமை பட்டிமன்றம் வெச்சு முடிச்சிடலாம். லட்சுமணன் அங்கிள்தான் நடுவர். அவர் ஒருத்தர்தான் இதுல பேசாதவர்.”

ஏகாம்பரம் அன்றைக்கு மீதிச் சுற்றை நடக்காமலே வீட்டுக்குப் போனார். காரணம் 1986.

அந்த வருஷம் ஃபாக்டரியில் யூனியன் தேர்தல். ஏகாம்பரம் சிவப்புக்கு, கஜபதி நீலத்துக்கு, லட்சுமணன் நாற்பத்து மூன்றே பேர் இருந்த பச்சைக்குத் தலைவர். தேர்தல் என்றால் சுவர் பிடிப்பது. முதலில் சுண்ணாம்பு அடித்து ‘இந்தச் சுவர் எங்களுக்கு’ என்று எழுதியவனுக்கே சுவர். ஃபாக்டரி ஊழியர் குவார்ட்டர்ஸைச் சுற்றி இரண்டே கால் கிலோமீட்டர் காம்பவுண்டுச் சுவர். பகலில் சிவப்பு அடித்தால் சாயங்காலம் நீலம் அடிக்கும். பூச்சுமேல் பூச்சாக அந்தச் சுவர் ரோட்டுப் பக்கம் ஒன்றரை அடி பருத்துவிட்டது. பூந்தமல்லி பஸ்ஸின் கண்டக்டர் அந்த இடம் வந்ததும் எல்லோரையும் முழங்கையை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்வார். முதுகு சொறியச் சுவரில் உரசிய ஓர் ஆட்டுக்கு ஒரு விலா சிவப்பாகவும் மறு விலா நீலமாகவும் ஆகி, இரண்டு யூனியனும் அதைத் தங்கள் உறுப்பினர் பட்டியலில் சேர்த்தன. ஆடு இரண்டு தரப்புச் சந்தா ரசீதையும் தின்றது.

பெயிண்டும் ஆளும் தீர்ந்துபோகவே, தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் பேசினார்கள். ஓடுகிற ரயில் யார் எல்லையிலும் சேராது என்றார் கஜபதி. ஆகவே ஆவடிக்கும் இந்துக் கல்லூரி ஸ்டேஷனுக்கும் நடுவே, யூனிட் வண்டி என்கிற மின்சார ரயிலில், ஒரு கேன்டீன் டோக்கனின் பின்பக்கம் ஏழு பிரிவு எழுதிக் கையெழுத்திட்டார்கள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து போஸ்ட் ஆபீஸ் வரை சிவப்பு. அங்கிருந்து கோயில் வரை நீலம். ஏழாவது பிரிவு மட்டும் ரகசியம். பால் பூத்துக்கு எதிரே நாற்பது அடிச் சுவர் லட்சுமணனுடையது. காலையில் குவார்ட்டர்ஸே வரிசையில் நின்று படிக்கிற சுவர். அதைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்வது.

அந்த வாரம் ரஷ்யாவிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் ஒருவரைக் கஜபதி கேன்டீனில் மடக்கினார். “1939 ஒப்பந்தத்துல ரகசியப் பிரிவு இருந்துச்சாமே?” மொழிபெயர்ப்பாளர் கேட்டதும் அந்த மனிதர் தட்டிலிருந்த மோர்மிளகாய் பதினொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய, “இல்லை” என்றார்.

“அப்பொ கண்டிப்பா கீது” என்றார் கஜபதி.

ஏழாவது பிரிவை அன்று மாலையே நிறைவேற்றினார்கள். இருபத்திரண்டாம் நாள் விடியலில் நீலம் ஒப்பந்தத்தை மீறிச் சிவப்பின் மேல் பாய்ந்தது. தேர்தலில் லட்சுமணனுக்குப் பத்தொன்பது ஓட்டு விழுந்தது. பச்சை யூனியன் அதோடு கலைந்தது. மீறிய கஜபதி அன்றிலிருந்து ஒப்பந்தம் என்றாலே பாவம் என்கிறார். ஏமாந்த ஏகாம்பரம் நியாயம் என்கிறார்.

சனிக்கிழமை காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்த கஜபதி நிமிராமலே சொன்னார்: “நாளைக்கு நான் பால் பூத் செவுரு விசயத்த சொல்லிடப் போறேன்.”

“மெண்டலா நீ? நாப்பது வருஷம் ஆவப்போவுது.”

“நீ அவன் மூஞ்சிக்கு எதிர்ல நின்னுகினு நியாயம்னு பேசுவே. என்னால கேட்டுகினு குந்தினுருக்க முடியாது மச்சான்.”

அன்றைக்குக் கஷாயத்தை ஏகாம்பரம் வழக்கத்தைவிட மெதுவாகக் குடித்தார். நாளை மறுநாள் இது கிடைக்குமா என்பது தெரியவில்லை. ஏரியில் நீர்க்காகங்கள் முக்குளித்தன. பால் பூத் வரிசையில் இளவயது லட்சுமணன் அலுமினியத் தூக்கோடு நின்றதும், அந்தப் பக்கம் பார்க்காமல் தான் சைக்கிளை மிதித்ததும் நினைவுக்கு வந்தன. அப்போது மூவருக்கும் தலைமுடி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சைச் சுற்றி முப்பது பேர். ஏகாம்பரம் எழுந்தார். “அன்னிக்கு நின்ன எடத்துல நின்னு பாக்கணும். டைம் வேணும்னா...” என்றவர் லட்சுமணனைப் பார்த்தார். லட்சுமணன் ஃப்ளாஸ்க் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கஜபதி எழுவதற்காக முழங்காலில் கையை ஊன்றினார்.

அந்தக் கஷாய டம்ளர் போவதென்றால் தன் வாயாலேயே போகட்டும் என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியது.

“லட்சுமணா, பால் பூத் செவுரு... சண்டையில போவல. நானும் இவனும் பேசி வெச்சி பிரிச்சிகினோம்.”

ஷர்மிளா கையிலிருந்த மைக்கைக் கீழே இறக்கினாள்.

“தெரியும்வே” என்றார் லட்சுமணன்.

“எப்போலேந்து?”

“மறுநா காலையில பால் வாங்க வந்தேம்லா, அப்பமே. சண்ட போட்டுப் பிடிச்ச செவருன்னா எல்லை கோணலா இருக்கும், செவப்பும் நீலமும் ஒண்ணுமேல ஒண்ணு வழிஞ்சிருக்கும். நீங்க ரெண்டு பேரும் இருபதடி இருபதடின்னு டேப் வச்சு அளந்து, தூக்குக்குண்டு விட்டு, நூல் பிடிச்சுல்லா கோடு போட்டிருந்திய. அரை மில்லி கூட விலகல. நானும் ஃபிட்டர்தாம்வே.”

கஜபதி தலையில் கைவைத்துக்கொண்டார். “நான் அப்பவே சொன்னேன், கைவாக்குல இழுப்போம்னு. இவன்தான் குண்டு எடுத்தாந்தான்.”

“தீர்ப்பு சொல்லுங்க அங்கிள்” என்றாள் ஷர்மிளா.

“டைம் வாங்குனதும் நெசம், போலந்து போனதும் நெசம். ஒண்ணச் சொல்லும்போது மத்தத முழுங்கக் கூடாது. அம்புட்டுதான். எல்லாரும் நடங்க.”

கூட்டம் கலைந்தது. ஏகாம்பரம் மட்டும் நின்றார். “தெரிஞ்சுமா பதினெட்டு வருஷம் எங்களுக்குக் காபி ஊத்துனே?”

“ஊத்துனேன். கருப்பட்டி போட்டேனா?”

ஏகாம்பரம் சின்ன ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார். பிறகு கஜபதியைப் பார்த்தார்.

“அவருக்குச் சக்கரை, சரி. உமக்கு என்ன கேடு? இந்தப் போலந்தால முடிஞ்சது அவ்வளவுதாம்வே.”

லட்சுமணன் பெரிய ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினார். ஏகாம்பரம் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். கருப்பட்டி தொண்டை வரை இனித்தது. “எனக்கு?” என்றார் கஜபதி. “ஒரு வாய்” என்று லட்சுமணன் மூடியில் ஊற்றினார். மூன்று பேரும் அன்றைக்கு மூன்று சுற்றும் முழுசாக நடந்தார்கள், போரே மூளவில்லை.

அதே பென்ஷன் புத்தகத்தின் மேல் இன்னொரு சத்தியம்: அந்தக் குவார்ட்டர்ஸைச் சுற்றி அன்றும் இன்றும் இருப்பது முள்கம்பி வேலி; காம்பவுண்டுச் சுவர் என்று ஒன்று கட்டப்பட்டதே இல்லை.