புதுசு, பழசு, எல்லாம் சாமா

மதிவாணன் இறந்து நான்கு மாதமாகியும், ஜொகூர் பாருவில் அவன் வீட்டு இணையத்தை அவன் அமைத்த பழைய கணினிதான் நடத்திக்கொண்டிருந்தது. அதன் இயங்குதள மூல நிரலில் சில இடங்களைத் தன் தேவைக்கேற்ப மாற்றி, பக்கத்தில் தமிழில் குறிப்பும் எழுதியிருந்தான். அவன் மனைவி கஸ்தூரி வெள்ளிக்கிழமைக்கு ஒரு குறிப்பு மட்டும் படிப்பாள், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று. இது அப்போது எனக்குத் தெரியாது.

அவனோடு பத்து வருடம் வேலை செய்தவன் என்பதால், நிரலைப் புதுப்பிக்க என்னை அழைத்திருந்தாள்.

"தேத்தண்ணி ஆறுது, கனகராஜ் அண்ணே. அவரும் இப்படித்தான், ஈ விழுந்தப்புறம்தான் குடிப்பாரு."

இந்த வேலைக்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று கிட், அது கோப்புகளின் வரலாற்றையே வைத்திருக்கும். நாம் கை வைத்த வரி எதுவென்று அதற்குத் தெரியும். புதியது அதே வரியில் மோதினால் நின்று கேட்கும். ஆனால் நிறைய இடம் பிடிக்கும். இன்னொன்று சின்னக் கருவி. வரலாறு அதற்கு வேண்டாம். சர்வரில் இருப்பதிலிருந்து நம் கோப்பு வேறுபட்டால், அதன் மேலேயே எழுதிவிடும். பழைய கணினிக்கு அதுதான் லேசு.

"மதி மாத்துனதையெல்லாம் என்னம்மா செய்யட்டும்?"

"புதுசு, பழசு, எல்லாம் சாமா இருக்கட்டும்லா."

சாமா என்றால் எனக்கு 'ஒரே மாதிரி'. சின்னக் கருவியை ஓட்டினேன். பதினோரு நிமிடத்தில் முடிந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே. அவரு எழுதினதுல ஒண்ணு படிக்கணும்," என்று அவளே ஒரு கோப்பைத் திறந்தாள். முழுக்க ஆங்கிலம். இன்னொன்றைத் திறந்தாள்.

"தமிழ் எங்க அண்ணே?"

"நீதானேம்மா சாமா ஆக்கச் சொன்னே?"

"ஐயோ, கூடவே இருக்கட்டும்னுதானே சொன்னேன்!"

மலாயில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. லாபிஸில் வளர்ந்த அவள் வீட்டில், 'கூட' என்பதற்கே சாமா என்பார்கள். நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

"மெஷின் இன்னும் அவரு செஞ்சதுலதானே ஓடுது? அதுக்குள்ள இருக்காதா?"

இருக்காது. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும்போது கம்பைலர் குறிப்புகளை விட்டுவிடும். அவை மனிதருக்காக எழுதப்படுபவை. அவன் செய்த மாற்றம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது இல்லை. நகலும் இல்லை, அழிந்த இடத்தை வட்டு தானே துடைத்திருந்தது. எல்லாவற்றையும் மெல்லச் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"படிக்காதது எத்தன பாக்கி இருந்துச்சும்மா?"

"எண்ணல. எண்ணினா முடிவு தெரிஞ்சிடும்ல."

மேலெழுதிய கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாக நின்றன. நானூற்றுப் பதினெட்டு. அவற்றில் மதி தொட்டவை எவை என்று கருவிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

கஸ்தூரி ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

"பேரையாச்சும் சொல்லுங்கண்ணே. மெதுவா."

நான் முதல் பெயரை வாசித்தேன்.